பழைய வில்லையும் புதிய கமராவும்



ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், நம் தீவகத்துத் தீவுகளுக்குத் தம் தாயகத்து ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடல்பேர்க் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும் எழுதப்பட்டன. ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த தீவுக்கு லெய்டன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் பெயரிட்டனர். 1795இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்தபின் இப்பெயர்களிற் பெரும்பாலானவை பழைய படங்களோடும் ஏடுகளோடும் நின்றுவிட்டன. டெல்வ்ற் என்னும் பெயரோ ஆங்கில வழக்கில் இன்றும் நெடுந்தீவுக்கு நிலைத்திருக்கின்றது.

கமராவைப் பற்றிய பேச்சுக்கு இப்பெயர்கள் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. டெல்வ்ற், லெய்டன் ஆகிய இரு நகரங்களிலும் வாழ்ந்த கைவினைஞர், வில்லை என்னும் கண்ணாடியைக் கையாள்வதில் இருவேறு வழிகளைப் பின்பற்றினர். அவ்விரு வழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இன்றுவரை புகைப்படக் கலைஞர்களின் பணப்பையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது.

டெல்வ்ற் நகரில் 1632இற் பிறந்து 1723இல் மறைந்தவர் அந்தோனி வான் லீவன்ஹூக். அவர் துணி வணிகர், பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். எனினும், மிகச் சிறிய வில்லைகளைத் தம் கையாலேயே ஆக்கி, நீர்த்துளிக்குள் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவர் தம் வில்லையை இரு உலோகத் தகடுகளின் நடுவே வைத்து நிலையாகப் பொருத்திவிடுவார். வேறொரு வில்லை வேண்டுமாயின் வேறொரு கருவியையே செய்வார். இவ்வாறு அவர் செய்த நுணுக்குக்காட்டிகள் நூற்றுக்கணக்கானவை.

அதே நூற்றாண்டில், டெல்வ்ற் நகருக்கு அண்மையிலுள்ள லெய்டன் நகரில், முஸ்ஸென்புரூக் என்னும் குடும்பத்தார் கருவிப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தனர். அவர்கள் செய்த நுணுக்குக்காட்டிகளிற் பிடி ஒன்று, வில்லைகள் பல. பார்க்கப்படும் பொருளுக்கு ஏற்ப ஒரு வில்லையைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். செலவு குறைவு, பயன் அதிகம்.

ஆனால், வில்லை வேறு, கருவி வேறு என்று பிரித்த அப்பொழுதே ஒரு கடப்பாடும் பிறந்துவிடுகின்றது. இரண்டையும் இணைக்கும் வாய் மாறாதிருக்க வேண்டும். இன்று ஒரு வில்லையை வாங்குபவர், நாளை வரும் கருவியிலும் அது பொருந்தும் என்று நம்பியே வாங்குகின்றார். அந்த நம்பிக்கை கமராவின் வரலாற்றில் எங்கெங்கே காக்கப்பட்டது, எங்கெங்கே கைவிடப்பட்டது என்பதையே இன்று நோக்குவோம்.

முதலில் இணைப்பின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். வில்லை கமராவோடு சேரும் இடத்தைப் பூட்டுவாய் என்று அழைப்போம். பூட்டும் முறைகள் பெரும்பாலும் இரண்டு. நம் வீடுகளில் உள்ள மின்குமிழ்களை நினைத்துக்கொள்ளுங்கள். சில குமிழ்களை மரைபோலப் பல சுற்றுத் திருகிப் பொருத்துகின்றோம். வேறு சிலவற்றில் இரண்டு முளைகள் உள்ளன. அவற்றை உள்ளே அழுத்திச் சிறிது திருப்பியவுடன் குமிழ் பூட்டிக்கொள்கின்றது. கமராவின் பூட்டுவாயும் இவ்வாறே மரைவாய் என்றும் திருப்புவாய் என்றும் இருவகைப்படும்.

வாயின் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. பூதக்கண்ணாடியை வெயிலிற் பிடித்துக் காகிதத்தைச் சுட்டுப் பார்த்த சிறுவர்கள் இதை நன்கறிவர். குறித்த ஒரு தூரத்திற் பிடித்தால்தான் ஒளி ஒரு புள்ளியாகக் குவியும். சற்று முன்பின்னானால் மங்கிவிடும். அவ்வாறே பூட்டுவாய்க்கும் படச்சுருளுக்கும் இடையில் வரையறுத்த ஒரு தூரம் இருக்க வேண்டும். இதனை அகத்தூரம் என்போம். மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவிலும் கவனம் செலுத்த வேண்டிய தூரம் இது. அகத்தூரம் குறைவான கமராவில், அகத்தூரம் கூடிய வில்லையை ஒரு வளையத்தை இடையில் வைத்துப் பொருத்தலாம். இதற்கு மறுதலையானது இயலாது. வளையத்தைச் சேர்க்கலாமேயன்றிக் கமராவின் உடலைச் சுருக்க முடியாதல்லவா? பின்னர் வரும் வரலாறு முழுவதற்கும் இவ்வொரு கணக்கே திறவுகோல்.

புகைப்படக்கலை 1839இல் உலகறியத் தோன்றியது. அக்காலத்துக் கமரா ஒரு மரப்பெட்டி. பெட்டி செய்தவர் ஒருவர். வில்லை தேய்த்தவர் வேறொருவர். வில்லையை ஒரு மரப்பலகையிற் பொருத்திப் பெட்டியின் முன்புறத்திற் செருகுவார்கள். புதிய வில்லை கிடைத்தால் தச்சரைக் கொண்டு புதிய பலகையில் துளையிட்டுக்கொள்ளலாம். பெட்டியின் பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியிற் படத்தைப் பார்த்து, அகத்தூரத்தை வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம். ஆதலால், பழைய வில்லை புதிய கமராவிற் பொருந்துமா என்ற வினா அங்கே பெரிதாக எழவில்லை.

அந்த யுகத்தின் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் நம் நாட்டு மண்ணிலேயே துயில்கின்றார். யூலியா மார்கரெற் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875இல் தம் கணவருடன் இலங்கைக்கு வந்தார். களுத்துறையிற் சில படங்களையும் எடுத்தார். 1879இற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் இங்கிலாந்தில் இருந்தபோது பாரிஸ் நகரத்து ஜாமின் செய்த வில்லையை முதலிலும், இலண்டன் டால்மேயர் செய்த வில்லையைப் பின்னரும் பயன்படுத்தியவர். பிரெஞ்சு வில்லையும் ஆங்கில வில்லையும் மரப்பலகையின் முன் சமமாகவே இருந்தன.

இதே காலத்தில் நுணுக்குக்காட்டி செய்வோர் மற்றொரு நல்ல காரியத்தைச் செய்தனர். இலண்டன் நுணுக்குக்காட்டிக் கழகம் 1858ஆம் ஆண்டில், பொருளுக்கு அருகே அமையும் வில்லையின் மரைக்கு ஓர் அளவை வகுத்தது. விட்டம் ஓர் அங்குலத்தின் பத்தில் எட்டுப் பங்கு; அங்குலத்திற்கு 36 புரிகள். எந்த ஒரு கம்பனிக்கும் சொந்தமில்லாத அவ்வளவை எல்லோரும் ஏற்றனர். 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்துப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களில் அந்த மரை இன்னும் வழக்கில் இருக்கின்றது. கமரா உலகம் இத்தகைய ஒற்றுமையைக் காணவில்லை என்பதே நாம் அடுத்துக் காணப்போவது.

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் கம்பனியில் ஒஸ்கார் பார்னாக் என்பவர் வடிவமைத்த லைக்கா கமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையில் அடங்கத்தக்க அதன் வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. இது டெல்வ்ற் வழி. 1930இல் 39 மில்லிமீற்றர் மரைவாயுடன் வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க லைக்கா வந்தது. இது லெய்டன் வழி. ஆனால், தொடக்கத்தில் ஒவ்வொரு கமராவின் அகத்தூரமும் சற்று வேறுபட்டமையால், வில்லைகளை அந்தந்தக் கமராவுக்கென்றே தொழிற்சாலையிற் சரிசெய்து கொடுத்தனர். ஒருவருடைய வில்லை மற்றவருடைய கமராவிற் செவ்வையாக வேலை செய்யவில்லை. 1931இல் அகத்தூரம் 28.8 மில்லிமீற்றர் என்று ஒழுங்குபடுத்தப்பட்டது. அதன் பின்னரே உண்மையான மாற்றுரிமை பிறந்தது. அம்மரைவாயைப் பின்னர் சோவியத் நாட்டாரும் யப்பானியரும் தம் கமராக்களுக்கு எடுத்துக்கொண்டனர்.

1954ஆம் ஆண்டில் லைக்கா கம்பனியார் மரைவாயைக் கைவிட்டுத் திருப்புவாய்க்கு மாறினர். எம் 3 என்னும் அக்கமராவில் வில்லையை மாற்றுவதற்குச் சிறிது நேரமே போதும். ஆனால், கால் நூற்றாண்டாக மக்கள் வாங்கிச் சேர்த்த மரை வில்லைகளின் கதி யாது? அதற்கும் அவர்கள் விடை வைத்திருந்தனர். புதிய கமராவின் அகத்தூரத்தை 27.8 மில்லிமீற்றராக அமைத்தனர். பழையதிலும் சரியாக 1 மில்லிமீற்றர் குறைவு. 1 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள வளையம் ஒன்றை இட்டால், 1931ஆம் ஆண்டு வில்லையும் 1954ஆம் ஆண்டுக் கமராவிற் பழுதின்றி வேலை செய்யும். வாங்கியவரின் பொருளை மதித்து முன்கூட்டியே போட்ட கணக்கு இது.

வில்லையினூடாகவே காட்சியைப் பார்க்க உதவும் ஆடிக் கமராக்களின் வரலாறு வேறு. அவற்றினுள்ளே ஓர் ஆடி மேலும் கீழும் அசைவதற்கு இடம் வேண்டியிருப்பதால் அகத்தூரம் ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் அளவில் அமைகின்றது. ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் 1949இல் வெளிவந்த கமராக்கள் 42 மில்லிமீற்றர் மரைவாயைக் கொண்டிருந்தன. அதனைப் பல நாட்டுக் கம்பனிகள் பின்பற்றின. யப்பானில் 1957இல் வெளிவந்த பென்ராக்ஸ் கமராவும் அவற்றுள் ஒன்று. ஜேர்மன் வில்லை, யப்பானிய வில்லை, சோவியத் வில்லை ஆகிய அனைத்தும் ஒரே கமராவிற் பொருந்தின. கழகம் கூடி விதி வகுக்காமலே, வழக்கத்தால் உருவான பொது மரை இது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. சோவியத் நாட்டின் முதற் செனிற் கமராக்கள் லைக்காவைப் போன்றே 39 மில்லிமீற்றர் மரையை உடையன. ஆனால் அவை ஆடிக் கமராக்கள். அகத்தூரம் மிக அதிகம். லைக்கா வில்லையை அதில் திருகினால் அழகாகப் பொருந்தும். தொலைவிலுள்ள காட்சியோ மங்கலாகவே விழும். வாய் ஒத்திருந்தும் அகம் ஒவ்வாத இணைப்பு இது.

1975இல் பென்ராக்ஸ் கம்பனியாரும் மரையை விட்டுத் திருப்புவாய்க்கு வந்தனர். அவர்கள் தம் பழைய அகத்தூரத்தை மாற்றாமலே வைத்து, வாயை மாத்திரம் அகலமாக்கினர். ஆதலின் பழைய மரை வில்லைகளை வாய்க்குள்ளேயே அமரும் வளையம் ஒன்றினாற் பொருத்த முடிந்தது. லைக்காவின் வழி ஒன்று. பென்ராக்ஸின் வழி மற்றொன்று. இரண்டும் வாடிக்கையாளரைக் கைவிடாத வழிகளே.

யப்பானின் நிக்கோன் கம்பனியார் 1959இல் வகுத்த திருப்புவாயின் விட்டத்தையும் அகத்தூரத்தையும் மாற்றாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்தனர். அங்கும் சிக்கல் எழாமலில்லை. ஒளி புகும் துவாரத்தின் அளவை வில்லை கமராவுக்குத் தெரிவிக்கும் முறையை 1977இல் மாற்றினர். அதற்கு முந்திய வில்லைகளைப் பிந்திய கமராக்கள் பலவற்றில் வலிந்து பூட்டினால் கமராவின் உறுப்புகளுக்கே ஊறு நேரலாம். எனினும், பழைய வில்லையின் துவார வளையத்தை மாற்றித் தருவதற்கும் கம்பனியார் ஏற்பாடு செய்திருந்தனர்.

இனி, பெரும் பிளவு நேர்ந்த காலத்துக்கு வருவோம். கமரா தானாகவே வில்லையைக் குவிக்கும் வசதி 1980களில் வந்தது. மினோல்ரா கம்பனியார் 1985இற் புதிய பூட்டுவாயை அமைத்துப் பழைய வில்லைகளை விட்டு விலகினர். கெனன் கம்பனியார் 1987இல் அதனினும் துணிந்தனர். 1971 முதல் வழங்கிய தம் எஃப்.டி. வாயை ஒதுக்கிவிட்டு, இ.எஃப். என்னும் முற்றிலும் புதிய வாயைக் கொண்டுவந்தனர். அதில் நெம்புகோல்களும் முளைகளும் இல்லை. வில்லைக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள பேச்சுவார்த்தை முழுவதும் மின்னினால் நிகழும். ஆனால் பழைய அகத்தூரம் 42 மில்லிமீற்றர். புதியது 44 மில்லிமீற்றர். முன்னர்க் கூறிய கணக்கை நினைவுகொள்ளுங்கள். கமராவின் அகத்தூரம் கூடிவிட்டது. நடுவே வேறொரு கண்ணாடி வைத்தாலன்றிப் பழைய வில்லை தொலைவிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. ஆயிரக்கணக்கான கலைஞர்கள் தம் தொழிலுக்கெனச் சேர்த்த வில்லைகள் ஒரே நாளில் எதிர்காலம் இழந்தன.

கெனன் கம்பனியார் செய்தது வீண் வேலை என்று கூறிவிடவும் முடியாது. அகன்ற வாயும் மின்னிணைப்பும் வேகமான குவிப்புக்கு வழிவகுத்தன. அடுத்த ஆண்டுகளில் உலக விளையாட்டரங்குகளின் ஓரங்களில் அவர்களுடைய வெண்ணிற நீள் வில்லைகள் வரிசையாய்க் காணப்பட்டன. முன்னேற்றத்துக்கு மாற்றம் வேண்டும். மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது என்பதே வினா.

பெருநகரில் வாழ்பவர் பழைய வில்லையை விற்றுப் புதியது வாங்கச் சந்தை உண்டு. தீவகத்தில் வாழ்பவரின் நிலை அதுவன்று. குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கோ, மேலுந் தொலைவான நெடுந்தீவுக்கோ செல்லும் படப்பிடிப்பாளர், தம் பையில் உள்ள வில்லை கமராவிற் பொருந்தாவிடின் ஓடிச்சென்று வேறொன்று வாங்கக் கடை இல்லை. கையில் உள்ளதே கருவி. ஆதலால் பூட்டுவாய் மாறாமை என்பது கரையோரத்து மக்களுக்கு வசதி மாத்திரமன்று, தொழிலின் அடித்தளம்.

மின்னினால் இயங்கும் வாய்க்கு இன்னொரு விலையும் உண்டு. 1990 முதல் போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்கள் உட்படப் பல பொருள்களைக் கொண்டுசெல்லத் தடை இருந்தது. தீவகத்திலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து குடாநாட்டில் தங்கிய காலமும் அதுவே. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, மின்கலமின்றி இயங்கும் பொருளின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1987க்குப் பின் வந்த மின்வாய்க் கமரா மின்கலம் இன்றேல் வெறும் பெட்டி. பழைய இயந்திரக் கமராவோ, விரலால் முறுக்கிய விசையினாலேயே கதவைத் திறந்து மூடும். அதன் வில்லையின் துவாரத்தையும் கையாலேயே மாற்றலாம். பழமை என்று ஒதுக்கப்பட்டது இடர்க்காலத்திற் பயன்தரும் தகுதியுடையதாய் இருந்தது.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால், பழைய வில்லைகள் அலுமாரிப் பொருளாகவே எஞ்சியிருக்கும். ஆனால் எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. படச்சுருளின் இடத்தை மின்னணுத் தகடு பிடித்தபின், காட்சியைப் பார்க்க ஆடி வேண்டியதில்லை என்றாயிற்று. பனசோனிக் கம்பனியார் 2008இல் ஆடியில்லாக் கமராவை வெளியிட்டனர். சோனி கம்பனியார் 2010இல் 18 மில்லிமீற்றர் அகத்தூரத்துடன் ஒரு வாயை அமைத்தனர். 2018இல் நிக்கோன் 16 மில்லிமீற்றர் அகத்தூரத்துக்கும், கெனன் 20 மில்லிமீற்றர் அகத்தூரத்துக்கும் வந்தனர்.

இதன் பொருள் யாது? ஆடி நின்ற இடம் வெற்றிடமாயிற்று. அவ்வெற்றிடத்தில் வளையம் வைக்கலாம். 1987இற் கைவிடப்பட்ட 42 மில்லிமீற்றர் அகத்தூர வில்லையை, 22 மில்லிமீற்றர் நீளமுள்ள வளையம் ஒன்றினால் 2018ஆம் ஆண்டுக் கெனன் கமராவிலேயே பொருத்தலாம். டிறெஸ்டன் மரை வில்லைகளும், நிக்கோனின் 1959ஆம் ஆண்டு வில்லைகளும், லைக்காவின் மரை வில்லைகளும் இவ்வாறே உயிர்பெற்றன. இம்முறை நிக்கோன், கெனன் ஆகிய இரு கம்பனியாரும் புதிய கமராவோடு, தம் முந்திய வில்லைகளுக்கான வளையத்தையும் சேர்த்தே விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1954இல் லைக்கா காட்டிய நெறி இத்தனை காலத்தின் பின் பொது நெறியாயிற்று எனலாம்.

நேயர்களே, உங்கள் இல்லத்து அலுமாரியிலோ, தந்தையார் அல்லது பெரியப்பா விட்டுச்சென்ற பெட்டியிலோ பழைய வில்லை ஒன்று இருக்கக்கூடும். இரும்பு விலைக்குக் கொடுக்குமுன் அதன் வாயை நோக்குங்கள். மரையாயின் விட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். திருப்புவாயாயின் வில்லையின் முன்புறத்து எழுத்துகளைப் படித்து இனத்தை அறிந்துகொள்ளுங்கள். பொருத்தமான வளையம் பெரும்பாலும் கிடைக்கும். குவிப்பதையும் துவாரத்தை அமைப்பதையும் உங்கள் கையே செய்ய வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். நம் தீவகத்து உப்புக் காற்றும் ஈரமும் கண்ணாடியிற் பூஞ்சணம் படரச் செய்வன. தோல் உறையினுள் நெடுங்காலம் மூடிவைத்தல் தகாது. ஈரமற்ற, காற்று வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துதலே சிறந்த பாதுகாப்பு.

கருவி செய்வோர் வாயை மாற்றுவது குற்றமன்று. முன்பு வாங்கியவரை எண்ணிப் பார்த்து மாற்றினார்களா என்பதே கேட்க வேண்டியது. 1858இன் மரை எவருக்கும் சொந்தமின்றி எல்லோருக்கும் பயன்பட்டது. 1954இன் 1 மில்லிமீற்றர், பழையவரையும் புதியவரையும் இணைத்தது. 1987இன் 2 மில்லிமீற்றர், இருவரையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரித்தது. நாம் எந்தப் பொருளை வாங்கினும், அது எதனோடு பொருந்தும் என்று மட்டுமன்றி, அதைச் செய்தவர் முன்பு தம் வாடிக்கையாளரை எவ்வாறு நடத்தினார் என்பதையும் கேட்டறிந்து வாங்குதல் நன்று.